ஆடிக்கு முன் காய்ச்சிய பால்

அன்று அந்தக் குசினியில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி வசந்தா. அவளுடைய இடுப்பில் எங்கள் மகள் துளசி, அப்போது சின்னக் குழந்தை. வசந்தாவின் தம்பி செல்வம். செல்வத்தின் மனைவி மனோ. கடைசியாகப் பெல்லமி என்ற வெள்ளைக்காரக் கிழவர். வீடு அன்றைக்கு இன்னும் அவருடையது.

பேய், பிசாசு இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஊரில் சுடலைக்குப் பக்கத்தால்தான் பள்ளிக்கூடம் போனேன். அந்தப் பள்ளிக்கூடமும் எட்டாம் வகுப்போடு நின்றது. ஒரு செத்தவரும் என்னை வழியில் மறித்ததில்லை. என்னை மறித்தவர்கள், அடித்தவர்கள், என் வீட்டை எரித்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருந்தவர்கள். ஆகவே சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அது இன்னும் ஆறவில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு. லண்டனில் வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்த காலம். இந்தக் கிழமை பார்த்த விலை அடுத்த கிழமை இருக்காது. நாங்கள் ஸ்ட்ரெதமில் செல்வம் வீட்டு மேல் அறை ஒன்றில் இருந்தோம். நான் ஒரு பேக்கரியில் இரவு வேலை. வசந்தா பகலில் சான்ட்விச் பொதி செய்கிற இடத்தில். ஒருவர் வர ஒருவர் போவோம். அப்படிச் சேர்த்த காசு.

சட்டனுக்குக் கொஞ்சம் வெளியே ஒரு சின்னத் தெரு. ஒரு பக்கத்தால்தான் போய்வரலாம், மற்றப் பக்கம் அடைப்பு. இரண்டு கரையிலும் ஒட்டு வீடுகள். முன்னுக்குப் பாய் அகலத்தில் புல், ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்ட செடிவேலி, ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளை வலைத்துணி. வீடு பார்க்கப் போன அன்று அந்த வலைத்துணிகள் எல்லாம் அசைந்தன. எங்கள் நிறத்தில் அந்தத் தெருவில் வேறு ஆட்கள் இல்லை.

பெல்லமியின் மனைவி செத்து சில வருடம். அவருக்கு முழங்கால் ஏலாது. கடற்கரைப் பட்டினம் ஒன்றில் இருந்த மகளிடம் போக முடிவு செய்திருந்தார். செல்வத்துக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், அவன்தான் கதைத்தான். விலை பேசி முடிந்தது, கிழவர் கை கொடுத்தார்.

அடுத்த கிழமை எதிர்வீட்டு மனுசி கிழவரிடம் போயிருக்கிறாள். இவர்களுக்கு விற்காதே, இன்னும் கூடக் கொடுக்க எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். கிழவரே இதைச் செல்வத்திடம் சொன்னார். கை கொடுத்துவிட்டேன், அதற்கு மேல் கதை இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு அந்த மனிதரில் மரியாதை வந்தது. அதை மறைக்கவில்லை. அவரில் எனக்கிருக்கிற கோபம் பிறகு வந்தது.

வீட்டுத் திறப்பு, அதுதான் சாவி, எங்கள் கைக்கு வர வேண்டிய வெள்ளிக்கிழமை ஆடி மாதத்தில் விழுந்தது. ஆடியில் எங்கள் ஆட்கள் குடிபூர மாட்டார்கள். புது வீட்டில் கால் வைக்கவே மாட்டார்கள். வெம்பிளியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் பஞ்சாங்கம் பார்த்து நாள் சொல்வார். வசந்தா என்னை இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அவர் மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டே பார்த்தார்.

"ஆவணிக்குத் தள்ளுங்கோ," என்றார்.

"ஆவணி வரைக்கும் அங்காலை மோட்கேஜும் இஞ்சாலை வாடகையும் கட்ட ஏலாது, ஐயா," என்றேன்.

"அப்ப ஆனி முடிய முன்னம் புதன் காலமை ஒரு நேரம் கிடக்கு. பாலை மட்டும் காய்ச்சிப் போட்டு வாங்கோ. சாமான் சட்டு முட்டு பிறகு போகட்டும்."

"புதன்கிழமை அந்த மனிசன் வீட்டிலை இருப்பாரே."

"இருந்தா என்ன தம்பி? பாலும் உங்கட, நேரமும் உங்கட. அவருக்கு என்ன நட்டம்?"

அவருக்கு என்ன நட்டம். அந்தச் சொல்லுக்காகவே பிறகு அவருடைய கடைக்கு நான் போகவில்லை.

செல்வம் போன் எடுத்துக் கேட்டான். என்ன சொல்லிக் கேட்டானோ தெரியாது, கிழவர் சரி என்றுவிட்டார். புதன் விடிய நாங்கள் சின்னப் பானை, பால், வாழைப்பழம், சாமிப்படம் எல்லாம் கொண்டு போனோம். கிழவர் கோட்டும் டையும் போட்டு, தலை இழுத்து, கலியாணத்துக்கு வெளிக்கிட்ட மாதிரிக் கதவைத் திறந்தார். நாங்கள் வாசலில் சப்பாத்து, செருப்புகளைக் கழட்டினோம். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரைப் பிடித்துக் குனிந்து, கஷ்டப்பட்டு, தன் சப்பாத்தையும் கழட்டி எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். தன்னுடைய வீட்டில் சொக்ஸ் காலோடு நின்றார்.

பால் பொங்கிக் குக்கர் அடுப்பில் வழிந்தது. கிழவர் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். செல்வம் அவருடைய கையைப் பிடித்து, இது வழியத்தான் வேண்டும் என்று இங்கிலீஷில் விளங்கப்படுத்தினான்.

"பாவம், இரவிரவா அந்தக் குக்கரை மினுக்கி வைச்சிருப்பார்," என்றாள் மனோ.

சாமிக்குப் படைத்த பிறகு வசந்தா பாலைக் கோப்பைகளில் ஊற்றினாள். முதல் கோப்பையை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, அதைக் கிழவருக்குக் குடுங்கோ," என்றாள் மனோ. "மூத்தவர் பாத்துக்கொண்டு நிக்க நாங்கள் குடிக்கிறதே?"

"முதல் கோப்பை வீட்டுப் பெரியவருக்குக் குடுக்கிறது," என்றேன் நான்.

"அவரின்ரை வீட்டிலைதானே அண்ணை நிக்கிறம். பேந்து ஆர் பெரியவர்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வசந்தா இரண்டு கையாலும் கோப்பையைக் கொடுத்தாள், அவர் இரண்டு கையாலும் வாங்கினார். இது என்ன என்று செல்வத்தைக் கேட்டார். செல்வத்துக்கு விளக்கம் சொல்வதென்றால் போதும். இந்த வீட்டுக்குப் பெரியவர் யாரோ அவர் முதலில் குடிப்பார், அதன் பிறகு மற்றவர்கள் என்று சொன்னான். கிழவர் கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்த்தார். கடைசித் துளி வரைக்கும் குடித்தார்.

வெள்ளிக்கிழமை மகளுடைய காரில் போய்விட்டார். குசினியில் பின் ஜன்னலுக்குப் பக்கத்தில், தோட்டத்தைப் பார்த்தபடி, தான் குந்தியிருக்கிற ஒரு மரக் கதிரையை மட்டும் விட்டிருந்தார். பால் ஏற்கனவே காய்ச்சியாயிற்று என்று நாங்கள் ஆடியிலேயே சாமானை இறக்கினோம்.

நான் காலையில் வேலையால் வந்து படுப்பேன். வசந்தா துளசியைப் பிள்ளை பார்க்கிற இடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். பகல் முழுக்க வீட்டில் நான் மட்டும். புரட்டாதி மாதம் என்று நினைக்கிறேன், நல்ல வெயில் அடித்த ஒரு முற்பகல், கீழே முன் கதவு திறந்தது. மூடியது. இரண்டு சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, சப்பாத்தைக் கழட்டி விடுகிற சத்தம். பிறகு கம்பளத்தில் மெத்தென்று நடை. குசினியில் கதிரை இழுபட்டது.

செல்வத்திடம் எங்கள் வீட்டுத் திறப்பு ஒன்று இருந்தது. செல்வமோ என்று கத்தினேன். பதில் இல்லை. எழும்பிக் கீழே போனேன். ஒருவரும் இல்லை. கதிரை மட்டும் இடம் மாறியிருந்தது. அடுத்த நாளும் அப்படி. அதற்கு அடுத்த நாளும். இரவு வேலை செய்கிறவனுக்குப் பகல் நித்திரைதான் சோறு. அது போனால் பாண் வேகிற போறணை அடுப்புக்கு முன்னால் கை வேகும். என் இடது கை இரண்டு தரம் வெந்தது.

ஞாயிற்றுக்கிழமை செல்வமும் மனோவும் சாப்பிட வந்தார்கள்.

"செல்வம், வாறதெண்டா சொல்லிப்போட்டு வா," என்றேன். "நான் பகலிலை நித்திரை கொள்ளுறனான்."

"எங்கை வாறது, அத்தான்?"

"இஞ்சை. வாறாய், சப்பாத்தைக் கழட்டுறாய், குசினியிலை குந்துறாய், கூப்பிடக் கேக்காத மாதிரிப் போறாய்."

"பகலிலை நான் வேலையிலை எல்லோ நிக்கிறன்."

"அப்ப ஆர் வாறது? வெள்ளைக்காரக் கள்ளன் வந்து சப்பாத்தைக் கழட்டிப் போட்டே களவெடுப்பான்?"

மனோ சோற்றுக் கையோடு சிரித்தாள். "அண்ணை, பாணோட சேத்து உங்கட மண்டையையும் போறணைக்குள்ளை விட்டிட்டியள் போல."

"திறப்பைத் தா," என்றேன் செல்வத்திடம்.

"என்ன?"

"என்ரை வீட்டுத் திறப்பு. தா."

அவன் அதை மேசையில் எறிந்துவிட்டு, சாப்பிடாமல் எழும்பிப் போனான். தைப்பொங்கல் வரைக்கும் எங்களுக்குள் கதை இல்லை. செய்யாத குற்றத்துக்கு அவனை வீட்டை விட்டுக் கலைத்தேன். அதையும் அந்தக் கிழவருடைய கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

ஏனென்றால் திறப்பு என் கைக்கு வந்த பிறகும் கதவு திறந்தது.

ஒரு நாள் குப்பை வாளியை வெளியில் வைத்தபோது எதிர்வீட்டு மனுசி தெருவைக் கடந்து வந்தாள். அதுவரை என்னோடு ஒரு சொல் பேசாதவள். சிரித்துக்கொண்டு, மிஸ்டர் பெல்லமி இடைக்கிடை வந்து போவதைக் காண நல்லது, நேற்றும் முன் ஜன்னலில் நின்று கை காட்டினார் என்றாள். எனக்கு நெருப்புப் பற்றினது மாதிரி இருந்தது. கிழவர் ஒரு திறப்பை வைத்துக்கொண்டு, நான் படுத்திருக்கிற நேரம் என் வீட்டுக்குள் வந்து போகிறார் என்று முடிவு கட்டினேன். அன்றே கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி நானே மாட்டினேன்.

மறுநாளும் கதவு திறந்தது. நம்பினால் நம்புங்கள், புதுப் பூட்டில் திறப்பு இறுகித் திரும்புகிற சத்தம்கூடக் கேட்டது.

வசந்தா இதையெல்லாம் நம்பவில்லை. காய்ச்சலில் ஒரு நாள் வீட்டில் நின்றாள். அன்று அவளும் கேட்டாள். கட்டிலில் எழும்பி இருந்து என் கையைப் பிடித்தாள்.

"இது மனிசர் நடக்கிற நடை இல்லையப்பா. பாரமே இல்லை."

"கிழவர்தான். வயசு போன ஆள், மெல்லமா நடப்பார்."

"பூட்டை மாத்தினனீங்கள்தானே. எப்பிடி வாறது?" என்றாள். பிறகு, "வித்துப்போட்டுப் போவம். எனக்கு இந்த வீடு வேண்டாம்," என்றாள்.

"ஒரு வீட்டை விட்டு ஓடி வந்தனான். இன்னொண்டை விட்டு ஓட மாட்டன். இது என்ரை வீடு. ஆர் இருக்கிறது, ஆர் போறதெண்டு நான்தான் சொல்லுவன்."

"அப்ப நீங்கள் இருங்கோ. நான் பிள்ளையைக் கொண்டு தம்பி வீட்டை போறன்."

எனக்கு வீடும் வேண்டும், அவர்களும் வேண்டும். கிழவர் போனால்தான் இரண்டும் இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தச் சனிக்கிழமை முற்பகல் இன்னொன்று நடந்தது. நான் மேலே நித்திரை. துளசி படியில் இறங்கப் போய் வழுக்கியிருக்கிறாள். கீழே நின்று பார்த்த வசந்தா ஓடுவதற்குள், பிள்ளை தலைகீழாக வரவேண்டியது, பாதிப் படியில் சாய்ந்தபடி நின்றதாம். சட்டையை யாரோ பின்னால் பிடித்த மாதிரிச் சட்டை இழுபட்டு நின்றதாம். பிறகு மெல்லப் படியில் இருந்ததாம். பிள்ளையைப் பார்க்காமல் என்ன செய்தாய் என்று வசந்தாவை ஏசினேன். கதையை நான் நம்பவில்லை.

ஞாயிறு காலை, கடிதம் வந்தால் அனுப்பச் சொல்லிக் கிழவர் விட்டுப்போன விலாசத்தோடு, ரெயில் ஏறினேன். செல்வத்தோடு கதை இல்லை, ஆகவே மொழிபெயர்க்க ஆள் இல்லை. என்னிடம் இருந்த இங்கிலீஷ் பேக்கரி இங்கிலீஷ். ஏசுவதற்கு அது காணும் என்று நினைத்தேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

மகள் கதவைத் திறந்தாள். ஏறக்குறைய என் வயது. நான் யார் என்று சொன்னதும் முகம் மாறி, பால் கொடுத்தது நீங்களா, அதை வருகிறவர்கள் எல்லாருக்கும் சொல்லுவார் என்றாள். திறப்பு, திறப்பு என்று நான் கத்தினேன். அவளுக்கு விளங்கவில்லை. என்னை மேலே கூட்டிக்கொண்டு போனாள்.

கிழவர் கட்டிலில் கிடந்தார். கால்கள் போர்வைக்குள் இரண்டு தடி மாதிரி. இங்கே வந்த மாதமே விழுந்து இடுப்பு முறிந்தது, அன்றிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவில்லை என்று மகள் சொன்னாள். ஒவ்வொரு முற்பகலும் கண்ணை மூடிக் கிடப்பார், எழும்பியதும் வீட்டுக்குப் போய் வந்தேன் என்பார், வயது போனால் அப்படித்தான் என்றாள்.

என் வாயில் ஏச்சு நின்றுவிட்டது. ஆனால் கோபம் நிற்கவில்லை.

கிழவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். குசினிக்கு அந்த மஞ்சள் பொருந்தாது என்றார். குசினிக்கு நான் மஞ்சள் அடித்து ஒரு மாதம்தான். அதை அவருக்குச் சொல்ல ஆளே இல்லை. பிறகு கையை உயர்த்தி, படிக் கம்பளம் மேலே மூன்றாவது படியில் கழன்றிருக்கிறது, ஆணி அடி, நேற்றுச் சின்னவளை நான் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைக் கண்டித்தார். என் வீட்டைப் பற்றி, என் பிள்ளையைப் பற்றி, என்னை.

"மை ஹவுஸ்," என்றேன். "ஐ பே. மை டோட்டர். யூ நோ கம்."

மகள் என் கையைப் பிடித்தாள். கிழவருக்குக் கோபம் வரவில்லை. பிழையான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட ஆள் போல விழித்தார். மெதுவாகச் சொன்னார், எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாக. முதல் கோப்பையை எனக்குத்தானே கொடுத்தீர்கள், என்னை இருக்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து படியைப் பார்த்தேன். மூன்றாவது படியில் கம்பளம் கழன்றுதான் இருந்தது. சுத்தியலை எடுத்து, தேவைக்கு மேல் ஆணி அடித்தேன். வசந்தா கீழே நின்று பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் துளசியைத் தூக்கி அவளுடைய முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப பிள்ளையைப் பிடிச்சது அவர்தான்," என்றாள்.

"என்ரை அனுமதி இல்லாமல் என்ரை வீட்டுக்கை வந்து பிடிச்சிருக்கிறார்."

"உங்களிட்டைக் கேட்டுப்போட்டுப் பிடிக்க நீங்கள் நித்திரை." பிள்ளையை இடுப்பில் இருத்தி, "அவர் இருக்கட்டும். நான் தம்பி வீட்டை போகேல்லை," என்றாள்.

"இருக்கட்டுமோ? மோட்கேஜ் ஆர் கட்டுறது?"

"நீங்கள் கட்டுறியள். அவர் பிள்ளையைப் பாக்கிறார்."

அவளுக்குப் பயம் போய்விட்டது. எனக்குப் பயம் எந்த நாளும் இருந்ததில்லை, கோபம் இரட்டிப்பாகியது. என் வீட்டில் என் மனைவியும் அவருடைய பக்கம் சாய்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கடைக்குப் போகும்போது, வெறும் குசினியைப் பார்த்து, போட்டு வாறம் என்று சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள். எனக்குப் பல்லுக் கூசும்.

விற்கலாம் என்றாலும் விற்க ஏலாத காலம் வந்தது. வட்டி ஏறியது, விலை விழுந்தது. கடன் வீட்டின் பெறுமதியைத் தாண்டி நின்றது. அந்தத் தெருவில் இரண்டு குடும்பம் திறப்பைக் கடன் கொடுத்தவர்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள், வெள்ளைக்காரர்கள்தான். நான் போகவில்லை. இரண்டு வேலை செய்தேன், கட்டினேன்.

அந்த நாட்களில் ஒரு மாசி மாதத்தில் கிழவரின் மகள் போன் எடுத்தாள். அப்பா போய்விட்டார் என்றாள். நான் ஐ ஆம் சொறி என்றேன். போனை வைத்துவிட்டு, எழுதக் கூசுகிறது, நிம்மதியாக மூச்சு விட்டேன். வசந்தா சாமிப்படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு வைத்தாள். சில நாள் வீடு அமைதியாக இருந்தது. செத்தவன் மாதிரி நித்திரை கொண்டேன்.

பிறகு ஒரு முற்பகல், கதவு. இரண்டு சத்தம். மெத்தென்ற நடை. கதிரை.

அன்று எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. கீழே பாய்ந்து போய் அந்தக் கதிரையைத் தூக்கித் தோட்டத்துக்குக் கொண்டு போய்ச் சீமெந்தில் அடித்தேன், கால் வேறு முதுகு வேறாக உடைத்தேன், இங்கிலீஷில் ஏசினேன், தமிழில் ஏசினேன், பக்கத்து வீட்டு வலைத்துணிகள் அசைந்தன, நான் நிறுத்தவில்லை. துண்டுகளைக் கட்டிக் குப்பைக்குப் போட்டேன்.

அடுத்த நாள் குசினியில் கதிரை இழுபட்டது. அங்கே கதிரை இல்லை. சத்தம் மட்டும் இருந்தது. பின் ஜன்னலுக்குப் பக்கத்தில், அது எப்போதும் கிடந்த இடத்தில்.

இப்படியே வருடங்கள் போயின. மனிதன் எதற்கும் பழகுவான் என்பார்கள். எனக்குப் பழகவில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தேன். தொண்ணூறுகளின் நடுவில் விலை கொஞ்சம் எழும்பியது. துளசி வளர்ந்துவிட்டாள். வெம்பிளியில் வீடு பார்ப்போம், விற்பேன் என்றேன். வசந்தாவுக்கு விருப்பமில்லை. இது என் வீடு, நான் வாங்கினேன், நான் விற்பேன். ஒரு கிழவரிடம் கேட்டு விற்க வேண்டியதில்லை.

ஏஜென்ற் பலகை நட்டான். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இல்லாத நேரங்களில் ஆட்களைக் கூட்டி வந்து காட்டினான். வந்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்பான், பிறகு சத்தம் இருக்காது. ஒரு நாள் எரிச்சலோடு போன் எடுத்தான். உங்கள் மாமனார் வருகிறவர்களிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்கிறார், முதலில் உங்கள் வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றான். என் மாமனார் ஊரில் எப்போதோ செத்துவிட்டார் என்றேன். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். ஏஜென்ற்றை மாற்றினேன். அவனும் அதையே சொன்னான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. வாசலில் ஒரு தமிழ்ப் புருசன் பெண்சாதி. மலேசியாக்காரர்கள். இங்கே படிக்க வந்து, வேலை எடுத்துத் தங்கிவிட்டவர்கள். அந்தக் கிழமை ஏஜென்ற்றோடு வந்து வீடு பார்த்தார்களாம். நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார்கள். நடையில் நின்றபடியே கதைத்தோம்.

"வீடு ரொம்பப் புடிச்சிருக்குங்க," என்றார் அந்த மனிதர். "ஆனா பெரியவரு குடுக்க மாட்டேன்னுட்டாரு. நீங்க அவருகிட்ட பேசிட்டுத்தானே போர்டு போட்டீங்க?"

"எந்தப் பெரியவர்?"

"குசினியில இருந்தாரே. மொதல்ல வெள்ளைக்காரருன்னு நெனச்சோம்." மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "வாயத் தொறந்ததும்தான் தெரிஞ்சது. உங்க தமிழ்தான், யாழ்ப்பாணத் தமிழ். எங்களைவிடச் சுத்தமா பேசுறாரு."

"தமிழ் கதைச்சவரோ?"

"ஆமா. 'இது எங்கட வீடு தம்பி, நாங்கள் விக்கேல்லை' அப்படின்னாரு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. கோவமெல்லாம் இல்ல."

எனக்குப் பின்னால் வசந்தா நின்றாள்.

"வேற என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"நான்தான் கேட்டேன், இவ்வளவு சின்ன வீட்டுல நீங்க எத்தனை பேருன்னு. ஒவ்வொரு வெரலா மடக்கி எண்ணிச் சொன்னாரு."

அவர்கள் போன பிறகு நான் பலகையைப் பிடுங்கிப் பின்பக்கம் எறிந்தேன். வீட்டை இன்றுவரை விற்கவில்லை. அவர் தமிழ் படித்ததை விட்டுவிடுகிறேன், எங்கள் வீட்டுச் சண்டைகளை இத்தனை வருடம் கேட்டவருக்கு அது வந்திருக்கலாம். எனக்கு ஆறாதது வேறு. இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவரையும் ஒரு ஆளாகச் சேர்த்தால் நாலு. அதற்கு மேல் அவர் யாரை எண்ணினார், யாரை என்னைக் கேட்காமல் என் வீட்டுக்குள் கூட்டி வந்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அந்த மலேசியாக்காரருக்கு அவர் சொன்ன எண்ணிக்கை ஐந்து.